செயற்கை இடுப்போடு மறுபடியும் கார்விங்

எனக்கு 66 வயது. இடது இடுப்பு மூட்டை எடுத்துவிட்டுச் செயற்கை மூட்டு வைத்திருக்கிறார்கள். அதற்குப் பிறகும், இரண்டு காலையும் பூட்டிக்கொண்டு பனியில் சறுக்குகிற ஸ்னோபோர்ட் பலகையில் ஏறி, முன்பு போலவே கார்விங் செய்கிறேன். இது தெரிந்த நாளிலிருந்து சுவிஸில் கூர், சூரிச் நகரங்களில் இருக்கிற நம் ஆட்கள் இரண்டு விதமாகக் கேட்கிறார்கள். சிலர் எல்லார் முன்னாலும், "இந்த வயதில உங்களுக்கு ஏன் இந்த வேலை?" என்கிறார்கள். வேறு சிலர் தனியாகக் கூப்பிட்டு, "அண்ணை, எனக்கும் இடுப்பு மாத்தச் சொல்லியிருக்கினம். பிறகு மலைக்குப் போகலாமோ?" என்று கேட்கிறார்கள். இந்த இரண்டாவது கேள்விக்குத்தான் இங்கே பதில் எழுதுகிறேன். நான் மருத்துவன் இல்லை, ஹோட்டல் சமையலறையில் வேலை செய்தவன். என் உடம்பில் நடந்ததையும், எனக்குச் சொல்லித் தந்தவர்கள் சொன்னதையும் எழுதுகிறேன். உங்கள் மூட்டுக்கு உங்கள் மருத்துவர் சொல்வதுதான் கணக்கு.

கார்விங் என்றால் என்ன என்று தெரியாதவர்களுக்கு முதலில் சொல்லிவிடுகிறேன். பனிமலையில் அநேகமானோர் பலகையைக் குறுக்கே திருப்பி, பனியைச் சுரண்டி, வேகத்தைக் குறைத்துத்தான் இறங்குவார்கள். கார்விங்கில் அந்தச் சுரண்டல் கிடையாது. பலகையின் இரும்பு விளிம்பைப் பனியில் பதித்துவிட்டு, உடம்பை வளைவின் உள்பக்கம் சாய்த்தால், பலகையின் பக்க வளைவு தானாகவே நம்மைச் சுற்றிக்கொண்டு போகும். நின்று திரும்பிப் பார்த்தால், வந்த வழியில் பென்சிலால் கீறியது போல ஒரே ஒரு மெல்லிய கோடு இருக்கும். நான் ஓட்டுவது ஆல்பைன் பலகை. ஒடுக்கமானது, நீளமானது. கால்களை முன்பக்கம் பார்க்க 50, 60 பாகை திருப்பி, ஸ்கீ சப்பாத்து மாதிரியான கடின பிளாஸ்டிக் சப்பாத்தோடு நிற்க வேண்டும். இன்றைக்கு மலையில் பார்த்தால் நூறு ஸ்னோபோர்டில் ஒன்றுகூட இந்த வகையாக இருக்காது. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் சுவிஸில் இதுதான் எங்கும் இருந்தது.

அந்தக் காலத்தில்தான் நானும் பழகினேன். எண்பதுகளின் நடுவில் இங்கே வந்து, லென்சர்ஹைட என்ற மலை ஊரில் ஒரு ஹோட்டல் சமையலறையில் பாத்திரம் கழுவத் தொடங்கி, பிறகு சமையலுக்கு வந்தவன் நான். ஹோட்டல் வேலை செய்த தமிழருக்கு 'சிம்மர்ஸ்டுண்ட' என்றால் விளக்கம் தேவையில்லை. மத்தியானச் சாப்பாடு முடிந்து இரவுச் சமையல் தொடங்கும்வரை கிடைக்கிற இரண்டு மூன்று மணிநேர ஓய்வு அது. மற்றவர்கள் படுப்பார்கள், கடிதம் எழுதுவார்கள். கூட வேலை செய்த ஒரு சுவிஸ் பையன் தன்னுடைய பழைய பலகையையும் சப்பாத்தையும் எனக்குத் தந்து, மலைக்கு மேலே ஏற்றிப்போகிற லிஃப்டுக்குக் கூட்டிக்கொண்டு போனான். அன்றிலிருந்து என் ஓய்வு நேரம் முழுக்க மலையில்தான். வெயில் பட்டு இளகி, ஆயிரம் பேர் ஓடிக் குழப்பிய பின்னேரப் பனிதான் எனக்குக் கிடைத்தது. இரவில் இயந்திரம் உழுது சமப்படுத்திய காலைப் பனியில் ஓடுவது எப்படி இருக்கும் என்பது வேலையை விட்ட பிறகுதான் தெரியவந்தது. அதைப் பற்றிப் பின்னால் வருகிறேன். இந்த வயதில் திரும்பி வருகிறவர்களுக்கு அது மிக முக்கியம்.

இடுப்பு தேய்ந்தது ஒரே நாளில் தெரியவில்லை. கவட்டுப் பக்கம் ஒரு வலி. நான் தசைப் பிடிப்பு என்றுதான் நினைத்தேன். பிறகு இடது காலுக்குக் காலுறை போடுவது கஷ்டமானது. காரில் இருந்து இறங்கும்போது காலைக் கையால் தூக்கி வெளியே வைக்க வேண்டி வந்தது. மூட்டுத் தேய்வில் முதலில் குறைவது தொடையை உள்பக்கம் திருப்புகிற அசைவு என்று மருத்துவர் காட்டினார். கட்டிலில் படுக்க வைத்து, முழங்காலை மடித்து, பாதத்தை வெளிப்பக்கம் தள்ளிப் பார்த்தார். வலது கால் நன்றாகப் போனது. இடது கால் தொடங்கிய இடத்திலேயே நின்றுவிட்டது. எனக்கு உடனே மலை ஞாபகம் வந்தது. நான் இடது காலை முன்னால் வைத்து ஓட்டுகிறவன். குதிகாலின் பக்கம் சாய்ந்து போகிற குதிப்பக்க வளைவில் இடுப்பை மடித்து உள்ளே இறங்கவேண்டிய நேரத்தில் இரண்டு பருவங்களாக உடம்பு இறங்க மறுத்துக்கொண்டிருந்தது. நான் சப்பாத்தைப் பலகையோடு பூட்டுகிற பைண்டிங்கின் கோணத்தை மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தேன். முட்டிக்கொண்டு நின்றது எலும்பு.

சத்திரசிகிச்சைக்கு முன் மருத்துவரிடம் என்ன கேட்பது என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். நம் ஆட்கள் பலர் மருத்துவர் முன்னால் தலையாட்டிவிட்டு வந்துவிடுகிறார்கள். "வயதுபோன ஆள், நடந்தால் போதும்" என்று அவரும் நினைத்துவிடுவார். நான் பலகையில் வளைவில் சாய்ந்து ஓடுகிற படம் ஒன்றைக் கைபேசியில் காட்டி, "எனக்கு இதற்குத் திரும்பப் போக வேண்டும்" என்றேன். அவர் படத்தைப் பெரிதாக்கி, முன்னங்கால் எவ்வளவு மடிந்திருக்கிறது, எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று பார்த்தார். அதற்குப் பிறகு நடந்த பேச்சு முழுக்க வேறு மாதிரி இருந்தது.

கேட்க வேண்டிய முதல் கேள்வி, மூட்டுக்கு எந்தப் பக்கத்தால் போகப்போகிறார்கள் என்பது. பின்பக்கத்தால் திறந்தால், குணமாகும் காலத்தில் இடுப்பை ஆழமாக மடித்துக் காலை உள்ளே திருப்புவதுதான் மூட்டு கழரக்கூடிய ஆபத்தான நிலை. முன்பக்கத்தால் திறந்தால் அது மாறும். காலைப் பின்னால் நீட்டி வெளிப்பக்கம் திருப்புவதில் கவனம் வேண்டும். பனியில் உட்கார்வது, முழங்காலில் நிற்பது, குனிந்து பைண்டிங் பூட்டுவது எல்லாம் இந்தக் கணக்குக்குள் வருகிறவை. எனக்கு முன்பக்கத்தால் செய்தார்கள். இரண்டாவது கேள்வி, மூட்டு சீமெந்து வைத்து ஒட்டப்படுமா அல்லது எலும்பே அதைப் பிடித்து வளருமா என்பது. எனக்கு வைத்தது சீமெந்து இல்லாமல் தொடை எலும்புக்குள் இறக்குகிற டைட்டேனியத் தண்டு. எலும்பு அதற்குள் வளர்ந்து இறுகக் காலம் வேண்டும், அந்தக் காலத்தில் விழவே கூடாது என்று அழுத்திச் சொன்னார். ஆறு மாதத்துக்குப் பிறகு, தசை திரும்பி வந்திருந்தால் மட்டும், மலை. ஏற்கெனவே நன்றாக ஓட்டத் தெரிந்தவர்களுக்கே இதைச் சொல்வதாகவும், மூட்டு மாற்றிய பிறகு புதிதாகப் பழக வருகிறவரை அனுமதிப்பதில்லை என்றும் சொன்னார்.

இந்த விஷயத்தில் நாம் இருப்பது நல்ல நாட்டில்தான். இடுப்பு மூட்டு மாற்றும் முறையை 1960களின் தொடக்கத்தில் நிலைநிறுத்தியவர் இங்கிலாந்தின் ஜான் சார்ன்லி. அதே காலத்தில் சுவிஸில் மொரிஸ் முல்லர் தன்னுடைய மூட்டுகளை உருவாக்கினார். இயந்திரம் செய்த வின்டர்தூர் சுல்சர் நிறுவனம் அவற்றைச் செய்து கொடுத்தது. உடைந்த எலும்பைத் தகடும் திருகாணியும் வைத்துப் பொருத்தும் முறையை உலகம் முழுக்கப் பரப்பிய ஏஓ அமைப்பை, 1958இல் தொடங்கியவர்களில் அவரும் ஒருவர். அந்த அமைப்பின் ஆராய்ச்சி நிலையம் எங்கள் கிரவுபுண்டன் மாநிலத்துத் தாவோஸில் இருக்கிறது. பனியில் விழுந்து எலும்பு உடைகிற நாட்டில் எலும்பு வைத்தியம் வளர்ந்ததில் ஆச்சரியம் இல்லை.

ஏப்ரலில் சத்திரசிகிச்சை. அன்று பின்னேரமே எழுப்பி நிற்க வைத்துவிட்டார்கள். சில கிழமைகள் ஊன்றுகோல், இரத்தம் உறையாமல் இருக்க மருந்து, காயம் ஆறியதும் தண்ணீருக்குள் நடை. உடற்பயிற்சி வைத்தியமான பிசியோவுக்கு இங்கே மருத்துவர் ஒரு சீட்டில் ஒன்பது தடவை எழுதித் தருவார்கள். அந்த ஒன்பதோடு நடக்க வந்துவிடும், அதோடு பலர் நிறுத்திவிடுகிறார்கள். மலைக்குப் போகிறவனுக்கு உண்மையான வேலை அங்கேதான் தொடங்குகிறது. நான் அடுத்த சீட்டுக்குக் கேட்டேன், அது முடிந்த பிறகு என் செலவில் ஜிம்முக்குப் போனேன்.

பிசியோ பெண்மணி முதலில் பிடித்தது இடுப்பின் பக்கவாட்டுத் தசையை. அவர் எனக்குப் பின்னால் நின்று, இரண்டு கையையும் இடுப்பெலும்பின் மேல் வைத்து, "இடது காலில் மட்டும் நில்லுங்கள்" என்றார். நான் நின்றேன். எனக்கு நேராக நிற்கிறது மாதிரித்தான் இருந்தது. ஆனால் அவருடைய வலது கை கீழே இறங்கியது. வலது பக்க இடுப்பு சரிகிறது என்று கண்ணாடியில் காட்டினார். பல வருடங்கள் வலியை ஒதுக்கி நடந்ததில் அந்தத் தசை வேலையையே மறந்துவிட்டிருந்தது. மூட்டை ஒரு மணிநேரத்தில் மாற்றிவிடலாம், இதை மாதக் கணக்கில்தான் திரும்ப எடுக்கலாம் என்றார். பல் தீட்டும்போது ஒற்றைக் காலில் நின்றேன். பக்கவாட்டில் படுத்துக் கால் தூக்கினேன். இழுபடுகிற ரப்பர் பட்டியை முழங்காலுக்கு மேலே போட்டு நண்டு நடை நடந்தேன்.

அப்புறம் படி. ஏறுவதை விட இறங்குவதுதான் மலைக்குப் பயிற்சி. கார்விங்கில் தொடைத் தசை நீண்டுகொண்டே பாரத்தைத் தாங்குகிறது, படி இறங்கும்போது நடப்பதும் அதுவே. எங்கள் வீட்டுக் கட்டடத்தில் மின்தூக்கி இருக்கிறது. நான் மேலே போக அதில் போவேன், கீழே வரப் படியால் வருவேன், ஒவ்வொரு படியிலும் குதி தொடும்வரை ஆறுதலாக இறங்கி. என் மனைவி பார்த்துவிட்டு, "இஞ்சேருங்கோ, எல்லாரும் நேராச் செய்யிறதை நீங்கள் தலைகீழாச் செய்யிறியள்" என்றார். பிறகு அவரும் என்னோடு இறங்கத் தொடங்கினார். அவருக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது.

யாரும் சொல்லித் தராத ஒரு பயிற்சி உண்டு. நிலத்தில் இருந்து எழும்புவது. பனியில் விழாமல் இருந்தாலும், உட்கார வேண்டி வரும், எழும்ப வேண்டி வரும், அதுவும் பலகையோடு. வீட்டில் பாய் விரித்து, உட்கார்ந்த நிலையில் இருந்து கவிழ்ந்து, இரண்டு முழங்காலிலும் வந்து, கையை ஊன்றாமல் எழும்பும்வரை பழகினேன். இது வராமல் மலைக்குப் போகாதீர்கள். குதிப்பக்கமாக உட்கார்ந்து பின்னால் கையைத் தள்ளி எழும்புவது இளம் பிள்ளைகளுக்குச் சரி, நமக்கு இடுப்புக்கும் தோளுக்கும் சேர்த்துக் கேடு. கவிழ்ந்து முன்பக்கமாக எழும்புங்கள்.

சாமான்களில் மூன்று மாற்றம் செய்தேன். நான் முன்பு ஓட்டியது 185 சென்டிமீட்டர் நீள ராட்சதப் பலகை. அது பந்தயக்காரர்களுக்கானது. வேகம் வந்தால்தான் வளையும். அதை வைத்துவிட்டு, நீளம் குறைந்த, மெதுவான வேகத்திலும் சின்ன ஆரத்தில் வளைகிற பலகைக்கு மாறினேன். ஒலிம்பிக் பந்தயக்காரர்கள் ஓட்டுகிற கெஸ்லர் பலகைகள் பக்கத்து கிளாருஸ் மாநிலத்துப் பிரவுன்வால்டில்தான் செய்யப்படுகின்றன. பந்தயம் ஓடாதவர்களுக்கும் மென்மையான வகை அவர்களிடமும் மற்றவர்களிடமும் உண்டு. வயது ஏற ஏற மென்மையான பலகையே நல்லது.

இரண்டாவது, பைண்டிங். பழைய முறையில் குனிந்து, முன்னால் உள்ள கொக்கியைக் கையால் இழுத்துப் பூட்ட வேண்டும். இப்போது சப்பாத்தின் குதியில் ஊசி வைத்த முறைக்கு மாறிவிட்டேன். மிதித்தால் பூட்டும், காற்சட்டையில் இருக்கிற கம்பியை இழுத்தால் விடும். குனிவதே இல்லை. மூன்றாவது, உள்ளே அணிகிற மெத்தைக் காற்சட்டை. இடுப்பின் பக்க எலும்பின் மேல் தடித்த மெத்தை இருக்கிற வகையைத் தேடி வாங்குங்கள். செயற்கைத் தண்டைச் சுற்றி எலும்பு உடைந்தால் வைத்தியம் மிகவும் சிக்கலானது. தலைக்கவசம் பற்றிச் சொல்லத் தேவையில்லை.

சப்பாத்து போடுவதைப் பற்றிச் சிரிக்காமல் கேளுங்கள். குளிரில் பிளாஸ்டிக் இறுகிவிடும். காரின் பின்கதவைத் திறந்து வைத்து, சப்பாத்துக்குள் காலைத் திருகித் திருகி நுழைப்பது, புது இடுப்புக்கு நாள் முழுக்க மலையில் ஓடுவதைவிட மோசமான வேலை. நான் சப்பாத்தை வீட்டுக்குள் சூடான இடத்தில் வைத்து, பஸ்ஸிலும் பைக்குள் வைத்து எடுத்துப்போய், லிஃப்ட் நிலையத்துக்குள் உள்ள வாங்கில் உட்கார்ந்து போடுகிறேன். நீளமான சப்பாத்துக் கரண்டி ஒன்று பையில் எப்போதும் இருக்கும். சப்பாத்தின் வாயை முழுவதும் விரித்து, குதியை முதலில் நேராக இறக்கி, காலைத் திருப்பாமல் போட வேண்டும்.

திரும்பிப் போன முதல் நாளைப் பிப்ரவரியில் வைத்துக்கொண்டேன். ஆறு மாதம் அக்டோபரிலேயே முடிந்துவிட்டது. ஆனால் டிசம்பரில் பனி மெல்லியது, கீழே கல் இருக்கும், விடுமுறைக் கூட்டம் வேறு. பிப்ரவரியில் அடிப்பனி தடித்து, நாள் நீண்டு, குளிரும் நிலையாக இருக்கும். விடுமுறைக் கிழமைகளைத் தவிர்த்து ஒரு வார நாளில் போனேன்.

பழகத் தொடங்கும் பிள்ளைகளின் மேட்டிலே ஆரம்பித்தேன். முதல் விரல்பக்க வளைவில் உடம்பு தானாகவே சாய்ந்தது. அந்தச் சத்தம், குளிர்ந்த பனியை விளிம்பு கிழிக்கும் அந்த நீளமான 'ஸ்ஸ்' சத்தம், காதுக்குள் வந்ததும் எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. குதிப்பக்கத்துக்கு மாறினேன். இரண்டு வருடம் இறங்க மறுத்த இடுப்பு மடிந்து உள்ளே போனது. வலியே இல்லை. கீழே வந்து திரும்பிப் பார்த்தேன். கோடு மெல்லியதாக இருந்தது.

அன்று கற்றுக்கொண்ட விஷயம் என்னவென்றால், கார்விங் செய்வது இந்த உடம்புக்குக் கடினமே இல்லை. கடினம் முழுக்க அதைச் சுற்றி உள்ளவற்றில்தான். லிஃப்டுக்கு வரிசையில் ஒற்றைக் காலால் தள்ளிக்கொண்டு போவது, தட்டையான இடத்தில் மெதுவாக ஊர்வது, லிஃப்டில் இருந்து இறங்குவது, சப்பாத்தோடு இரும்புப் படியில் நடப்பது. அத்தனையும் வேகமே இல்லாத இடங்கள்.

காரணத்தை யோசித்துப் பாருங்கள். மணிக்கு 36 கிலோமீட்டர் வேகத்தில் 10 மீட்டர் ஆர வளைவு ஒன்றைப் போட்டால், உடம்பு கிட்டத்தட்ட 45 பாகை சாயும். கால்களில் வருகிற பாரம் உடல் எடையைப்போல் 1.4 மடங்கு. அது இரண்டு காலிலும் பகிரப்பட்டு, ஆறுதலாக ஏறி, ஆறுதலாக இறங்கும். மூட்டுக்குள் வருகிற பாரம் வேறு கணக்கு, தசை இழுப்பதும் அதில் சேரும். சாதாரணமாக நடக்கும்போதே ஒவ்வொரு அடிக்கும் இடுப்பு மூட்டில் உடல் எடையைப்போல் இரண்டரை மடங்கு அளவு பாரம் வருகிறது. தடுக்கி, விழாமல் சமாளிக்கிற அந்த ஒரு கணத்தில் அது இன்னும் பல மடங்கு ஏறுகிறது. அளவுக் கருவி பொருத்திய செயற்கை மூட்டுகளை நோயாளிகளுக்கே வைத்து பெர்லினில் இதை அளந்திருக்கிறார்கள். அப்படியென்றால் மூட்டுக்கு எதிரி தடுமாற்றம். சீராகப் போகிற வளைவு அதற்கு எதிரி இல்லை. அதே நேரம் வேகத்தையும் மறக்கக் கூடாது. அதே வளைவை 50 கிலோமீட்டரில் போட்டால் பாரம் இரண்டு மடங்கைத் தாண்டிவிடும், ஏனென்றால் வளைவில் வருகிற பக்கவாட்டுப் பாரம் வேகத்தின் வர்க்கமாக ஏறுகிறது. சின்ன ஆரம், குறைந்த வேகம், நல்ல சாய்வு. இந்த வயதுக்கு இது போதும், சந்தோஷத்திலும் குறைவில்லை.

ஒற்றைக் கால் விஷயத்தில் ஆல்பைன் பலகைக்கு ஒரு நன்மை இருக்கிறது. என் முன்னங்கால் 55 பாகையில் இருப்பதால், பலகை போகும் திசைக்கும் என் பாதத்துக்கும் இடையில் 35 பாகைதான் வித்தியாசம். மென்மையான சப்பாத்தோடு சாதாரணப் பலகை ஓட்டுகிறவர் 20 பாகையில் நிற்பார். அவருடைய கால் 70 பாகை திருகி நிற்கும். அதனால்தான் வரிசையில் தள்ளும்போது அவர்களுக்கு முழங்கால் வலிக்கிறது. இருந்தாலும், பலகை எங்காவது கொழுவினால் முறுக்கு முழுவதும் அந்த ஒரு காலுக்கே வரும். ஆகவே நான் தட்டையான இடங்களில் பலகையைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு நடந்துவிடுகிறேன். மிதித்துப் பூட்டும் பைண்டிங் என்பதால் திரும்பப் போடப் பத்து விநாடிகூட ஆகாது. டி வடிவக் கம்பியில் இழுபட்டுப் போகிற லிஃப்டுகளை விட்டுவிட்டேன். கம்பியில் தொங்கிப் போகிற மூடிய பெட்டியான கொண்டலாவும் கதிரை லிஃப்டும் இருக்கிற மலையில் அதற்குத் தேவையும் இல்லை. கதிரை லிஃப்டில் ஏறும்போது வேகத்தைக் குறைக்கச் சொல்லி ஊழியருக்குக் கையைக் காட்டுங்கள். உடனே குறைப்பார்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை.

பனியையும் நேரத்தையும் தேர்ந்தெடுப்பதுதான் மிச்ச எல்லாம். லென்சர்ஹைட பள்ளத்தாக்கு வடக்குத் தெற்காகக் கிடக்கிறது. மேற்குப் பக்கத்து டானிஸ், ஸ்டேட்சர்ஹோர்ன் சரிவுகள் கிழக்கைப் பார்ப்பதால் காலை வெயில் அங்கேதான் முதலில் விழும். எதிரே ரோத்ஹோர்ன் பக்கத்துக்கு வெயில் பிந்தி வரும். ஜனவரிக் குளிரில் இது பெரிய விஷயமில்லை. மார்ச்சில் இதுதான் எல்லாம். முதல்நாள் இளகிய பனி இரவில் உறைந்து, காலையில் கண்ணாடியாக இருக்கும். அதில் விளிம்பு பிடிக்காது. கிழக்கைப் பார்க்கும் சரிவில் மேல்பனி ஒரு விரற்கடை இளகும் நேரம் பார்த்துத் தொடங்கி, அது கஞ்சியாவதற்குள் எதிர்ப்பக்கத்துக்கு மாறிவிட வேண்டும். குளிர் நாட்களில் முதல் கொண்டலாவுக்கே நில்லுங்கள். இயந்திரம் போட்ட வரிகள் குலையாமல் இருக்கிற முதல் ஒன்றரை மணிநேரம் போதும். அந்தப் பனியில் மேடு இல்லை, பள்ளம் இல்லை, தடுமாற ஒன்றுமில்லை. முப்பது வருடம் பின்னேரத்தில் மட்டுமே ஓடிய எனக்கு இது ஓய்வூதியத்தோடு சேர்ந்து கிடைத்த பெரிய கொடை.

காலையில் போவதற்கு இன்னொரு காரணம், ஆட்கள். கார்விங் செய்கிறவன் சரிவின் முழு அகலத்தையும் எடுத்துக்கொண்டு, சில நேரம் மேல்நோக்கிக்கூடத் திரும்புகிறான். பின்னால் வருகிற ஸ்கீக்காரர் நாம் நேராகப் போவோம் என்று நினைத்து வருவார். பின்னால் வருகிறவர்தான் முன்னால் போகிறவருக்கு ஆபத்து வராமல் பாதையைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று சர்வதேச ஸ்கீ சம்மேளனத்தின் விதி சொல்கிறது. ஆனால் மேல்நோக்கித் திரும்பும்போது மேலே பார்க்க வேண்டிய பொறுப்பு நம்முடையது. முட்டிய பிறகு விதியை வைத்து இடுப்பைத் திரும்ப ஒட்ட முடியாது. நான் ஓரத்தில் நின்று, மேலே ஆட்கள் இல்லாத இடைவெளி வரும்வரை காத்திருந்து, ஒரு பகுதி மட்டும் ஓடி, மறுபடி ஓரத்தில் நிற்கிறேன். முதுகுப் பக்கம் திரும்பும் குதி வளைவுக்கு முன் ஒவ்வொரு தடவையும் தோளுக்கு மேலால் ஒரு பார்வை. கழுத்து அசைவையும் பயிற்சியில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

உடம்பு முழுக்கப் பனியோடு படுத்துப் போகிற கார்விங் பற்றியும் கேட்கிறார்கள். வலே மாநிலத்துச் சினாலில் ஜாக் ரிலியே, பத்ரீஸ் ஃபிவா என்ற இருவர் வளர்த்தெடுத்த பாணி அது. பார்க்கப் பயங்கரமாக இருக்கும். ஆனால் உடம்பு ஏற்கெனவே பனிக்குக் கிட்ட இருப்பதால் பிடி விட்டாலும் விழ உயரம் இல்லை, வழுக்கிக்கொண்டு போய் நிற்பார்கள். எனக்கு நடந்த சின்ன விழுதல்களும் அப்படித்தான், ஆழமாகச் சாய்ந்த வளைவில், நோவில்லாமல். விளிம்பு கொழுவி நின்ற நிலையில் இருந்து அடித்து விழுவதுதான் பயப்பட வேண்டியது. அது தட்டையில், மெதுவாக, பலகை எந்த விளிம்பிலும் இல்லாதபோது நடக்கும். அதனால் தட்டையிலும் ஒரு விளிம்பில் சற்றே சாய்ந்தே போங்கள். வயது ஒரு தடையா என்று கேட்பவர்களுக்கு, ஆஸ்திரியாவின் கிளவுடியா ரீக்லர் 41 வயதில் 2015இல் உலகச் சம்பியன் ஆனதையும், 48 வயதில் 2022 ஒலிம்பிக்கில் ஆல்பைன் பலகையில் ஓடியதையும் சொல்லிவிடுகிறேன்.

எப்போது நிறுத்துவது? குதிப்பக்க வளைவில் பலகை தடதடவென்று அதிரத் தொடங்கினால், ஒன்றில் பனி மாறிவிட்டது அல்லது தொடை களைத்துவிட்டது. இரண்டுக்கும் மருந்து ஒன்றுதான், நிறுத்துவது. கீழே வருவதற்கு நான் கொண்டலாவில்தான் வருகிறேன். பின்னேரம் பள்ளத்தாக்கு வரை இறங்கும் பாதை இளகி, மேடு பள்ளமாகி, களைத்த ஆட்களால் நிறைந்திருக்கும். செயற்கை மூட்டு அட்டையைக் காப்புறுதி அட்டையோடு சேர்த்து மேல்சட்டையின் உள்பைக்குள் வைத்திருக்கிறேன். விபத்து நடந்தால் எந்த வகை மூட்டு, எந்தப் பக்கம் என்பது மருத்துவமனைக்கு உடனே தெரிய வேண்டும். ரேகா ஹெலிகொப்டர் மீட்புக்கு வருடச் சந்தாவும் கட்டியிருக்கிறேன்.

பருவம் முடிந்து எக்ஸ்ரே எடுத்தார்கள். தண்டு அசையவில்லை, எலும்பு நன்றாகப் பிடித்திருக்கிறது. எவ்வளவு ஓடினேன், எப்படி ஓடினேன் என்று மருத்துவர் கேட்டதற்கு எதையும் குறைக்காமல் சொன்னேன். மூட்டு எப்படித் தேய்கிறது என்று அவர் கணக்குப் பார்ப்பதற்கு உண்மை வேண்டும். அதே படத்தில் வலது இடுப்பையும் காட்டினார். அங்கேயும் இடைவெளி குறைந்துகொண்டு வருகிறது. உடனடி அவசரம் இல்லை, சில வருடம் போகலாம் என்றார். வரும்போது அதையும் ஏப்ரலில் வைக்கக் கேட்டிருக்கிறேன். கோடை முழுக்க ஊன்றுகோலோடு காய்ந்த வீதியில் நடக்கலாம், ஐஸில் வழுக்காது. இலையுதிர் காலம் முழுக்கப் படி இறங்கலாம். பிப்ரவரிக்குத் தொடை தயாராக இருக்கும்.